அண்ணன் மகன் ஸ்டேட்டஸில் வைத்த மீம்களும் நான் இழந்த 2,71,400 ரூபாயும்

பவானி கூடுதுறைக்குப் போகிற வழியில் எங்கள் ஜமக்காளக் கடை இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. இப்போது நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். கல்யாண வீட்டுக்காரர்கள்தான் எங்களுக்கு முக்கியமான வாடிக்கை. 2020 லாக்டவுனில் மண்டபங்களைப் பூட்டியபோது சரக்கெல்லாம் அடுக்கிலேயே கிடந்தது. அதற்கு அடுத்த வருடம், ஆன்லைனிலாவது விற்கலாம் என்று ஊரிலேயே ஒரு பையனை வைத்து வெப்சைட் ஆரம்பித்தோம். மாதம் 10, 12 ஆர்டர் வந்துகொண்டிருந்தது. அதைப் பெருக்க வேண்டும் என்ற ஆசையில் 2023 பிப்ரவரியில் ஒரு எஸ்.இ.ஓ. ஏஜென்சியிடம் போனேன். கூகுள் தேடலில் நம் வெப்சைட்டை மேலே கொண்டுவருகிற வேலைக்குத்தான் எஸ்.இ.ஓ. என்று பெயர். 14 மாதம் கழித்து, இருந்த ஆர்டரும் போய், கூகுளில் எங்கள் கடைப் பெயரை அடித்தால்கூட எங்கள் வெப்சைட் வராத நிலைக்கு வந்து நின்றேன். ஆரம்பக் கட்டணம் 20,000, மாதம் 15,000, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 2,71,400 ரூபாய். அதில் பாதிக்கு மேல், மகளின் காலேஜ் ஃபீஸுக்கென்று சீட்டுப் போட்டு எடுத்த பணம். சீட்டுப் பணத்தில் கை வைத்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி கணக்கு நோட்டைத் திறக்கவே பயப்பட்ட நாட்கள் அவை. என்னைப் போல இன்னொரு கடைக்காரர் இதில் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இதில் என்னை இன்றைக்கும் வருத்துவது, எனக்கு யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாததுதான். என் அண்ணன் மகன் கோயம்புத்தூரில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலையில் இருக்கிறான். அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் அந்தத் தொழிலைப் பற்றிய மீம்கள் வரும். பாதி ஆங்கிலத்தில் இருக்கும், பாதி வடிவேலு முகத்தோடு இருக்கும். நானும் பார்த்துச் சிரித்து, சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். ஒரு தொழிலில் இருப்பவர்கள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்களோ, அதில்தான் அவர்களுக்கு அதிகம் அடிபட்டிருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் தறிக்காரர்கள் கூலி பாக்கி வைக்கிற முதலாளிகளைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும்போது, அது யாரைப் பற்றியது, ஏன் என்று எனக்கு உடனே தெரியும். அதே காதோடு அந்த மீம்களைக் கேட்டிருந்தால் என் பணம் தப்பியிருக்கும்.

நான் சொல்ல வேண்டிய முதல் மீமை எனக்குக் காட்டியது அந்த ஏஜென்சிதான். வீடியோ காலில் பேசிய பையன் திரையில் முதல் படமாக அதைத்தான் வைத்தான். எஸ்.இ.ஓ. உலகத்தில் ரொம்பப் பழைய ஜோக் அது: ஒரு பிணத்தை ஒளித்து வைக்கச் சிறந்த இடம் எது? கூகுளின் இரண்டாம் பக்கம், அங்கேதான் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். அண்ணன் மகனும் அதை ஒரு தடவை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். அதனால் எனக்குத் தெரிந்த விஷயம் போலவும், இந்தப் பையன் நம்ம ஆள் போலவும் தோன்றியது. அடுத்த படத்தில் 'பவானி ஜமக்காளம்' என்று தேடினால் எங்கள் கடை மூன்றாம் பக்கத்தில் இருப்பதைக் காட்டினான். "பாருங்க மேடம், உங்க கடை எங்க இருக்குன்னு" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கியது. "30 நாளில் முதல் பக்கம், உறுதி" என்று அவன் சொன்னதும், சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தையிலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். கூகுள் தன்னுடைய உதவிப் பக்கத்திலேயே, தேடலில் முதலிடம் என்று யாராலும் உறுதி தர முடியாது என்று எழுதி வைத்திருக்கிறது. எஸ்.இ.ஓ. வேலைக்குப் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்றும் கூகுள் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றும் அந்தப் பக்கத்தில் உண்டு. "உங்கள் வெப்சைட்டைப் பார்த்தேன், அது தேடுபொறிகளில் சரியாக இடம்பெறவில்லை" என்று முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரும் மெயில்கள் கூகுளுக்கே, கூகுள் வெப்சைட்டைப் பற்றியே, வந்திருக்கின்றனவாம். ராத்திரியில் கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை விளம்பரத்தை எவ்வளவு நம்புவீர்களோ அவ்வளவே அந்த மெயிலையும் நம்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் முதலில் வந்தது அப்படி ஒரு மெயில்தான். அதில் சிவப்பு நிறத்தில் 47 தவறுகள் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத விஷயம் என்பது பிறகுதான் தெரிந்தது.

எஸ்.இ.ஓ. ஆட்களைப் பற்றி இன்னொரு மீம் உண்டு. அவர்களிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அது சூழ்நிலையைப் பொறுத்தது." எவ்வளவு நாளாகும்? பொறுத்தது. எத்தனை வார்த்தை எழுத வேண்டும்? பொறுத்தது. இதை வைத்து டீ-ஷர்ட், கப் எல்லாம் போட்டிருக்கிறார்கள். நான் அப்போது, இவர்களுக்குத் தொழில் தெரியாது போல, அதனால்தான் மழுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அதுதான் நேர்மையான பதில். எங்களிடம் ஒருவர் வந்து, "ஒரு ஜமக்காளம் எத்தனை நாளில் நெய்வீங்க?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அளவு என்ன, கோடு போட்டதா, பட்டுக்கரை வைத்ததா, தறியில் ஏற்கெனவே பாவு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். கேட்காமலே நாள் சொல்கிறவன் நெய்கிறவனாக இருக்க மாட்டான். உங்களிடம் வருகிற ஏஜென்சி, உங்கள் சரக்கைப் பற்றியும் வாடிக்கையாளரைப் பற்றியும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நாளும் விலையும் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பையன் என்னிடம், ஜமக்காளம் என்றால் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

இரண்டாவது மாதம் அவர்கள் எங்கள் பக்கங்களை எல்லாம் மாற்றி எழுதினார்கள். அண்ணன் மகன் வைத்த மீம்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஓர் எஸ்.இ.ஓ. நிபுணர் பாருக்குள் நுழைகிற ஜோக். "ஓர் எஸ்.இ.ஓ. நிபுணர் ஒரு பார், பார்கள், பப், மதுக்கடை, பீர், ஒயின், பக்கத்திலுள்ள பார் ஆகியவற்றுக்குள் நுழைந்தார்" என்று போகும். ஒரே பொருளுக்கு எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையையும் திணிப்பதைத்தான் அது கேலி செய்கிறது. எங்கள் பக்கத்தில் அவர்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பவானி ஜமக்காளம் வாங்க விரும்புகிறீர்களா? சிறந்த பவானி ஜமக்காளம், மலிவான பவானி ஜமக்காளம், பவானி ஜமுக்காளம் விலை, பவானி ஜமக்காளம் ஆன்லைன் என எல்லா பவானி ஜமக்காளமும் எங்கள் பவானி ஜமக்காளக் கடையில் கிடைக்கும்." ஆங்கிலப் பக்கத்தில் இன்னும் மோசம். ஜமக்காளத்தை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுவார்கள். அத்தனை எழுத்துக்கூட்டலும் ஒரே பாராவில் இருந்தது. படித்ததும் எனக்கு மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது. ஆனால், நமக்கென்ன தெரியும், கூகுளுக்கு இப்படித்தான் பிடிக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

சேலத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "ஏம்மா, உங்க பக்கத்தைப் படிச்சு முடிச்சுட்டேன். அளவு எங்கயுமே போடலியே? எட்டுப் பேர் உட்கார்ற மாதிரி வேணும், எத்தனை அடி வாங்கணும்?" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். முன்பு நாங்கள் நீளம், அகலம், எடை, எந்த நூல் என்று எழுதியிருந்த பட்டியலை அவர்கள் தூக்கிவிட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பாரா. வார்த்தைகளை இப்படித் திணிப்பதைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளிலேயே, அதாவது தேடலை ஏமாற்றும் வேலைகளைத் தடுக்கிற விதிகளிலேயே, குற்றமாகச் சொல்லியிருக்கிறது. அவர்களுடைய மாத ரிப்போர்ட்டில் முதல் வரி எப்போதும் 'மெட்டா கீவேர்டுகள் புதுப்பிக்கப்பட்டன' என்றுதான் இருக்கும். படிப்பவர் கண்ணில் படாமல் பக்கத்துக்குப் பின்னால் தேடற்சொற்களை (கீவேர்டுகளை) அடுக்குகிற அந்தக் கீவேர்டு டேக்கைத் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. நான் 14 மாதம் அந்த வரிக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் யார் என்ன எழுதினாலும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கடைக்கு நேரில் வந்தவரிடம் அப்படிப் பேச உங்களுக்கே கூசுகிறது என்றால், அது வெப்சைட்டிலும் இருக்கக்கூடாது.

ரிப்போர்ட்டுகளைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கல்லாவில் பணம் எங்கே என்று கிளையண்ட் கேட்க, ஏஜென்சிக்காரர் மேலே ஏறுகிற பச்சைக் கோட்டைக் காட்டி "இம்ப்ரெஷன் 300 சதவீதம் கூடியிருக்கு சார்" என்று சொல்கிற மாதிரி மீம்கள் ஏராளம். இம்ப்ரெஷன் என்றால் தேடலில் நம் பக்கம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டும்தான். ஐந்தாம் மாதம் எனக்கு வந்த ரிப்போர்ட்டில் 22 கீவேர்டுகளில் நாங்கள் முதல் பக்கம் என்று போட்டிருந்தது. ஏஜென்சிப் பையன் சொன்னபடியே செய்துவிட்டான் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர், "ஆர்டர் ஏன் ஒம்பதுதான் வந்திருக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பார்த்தால், அந்த 22ல் பெரும்பாலானவை எங்கள் கடைப் பெயரோடு சேர்ந்த சொற்கள். மற்றவை ஏழெட்டு வார்த்தை நீளத்துக்கு யாருமே தேடாத வாக்கியங்கள். யாரும் தேடாத ஒன்றில் முதலிடம் வருவதற்கு ஏஜென்சி தேவையில்லை. 'டி.ஏ. 50க்கு மேல் உள்ள பேக்லிங்க்' என்று பெருமையாகப் போட்டதும் அப்படித்தான். பேக்லிங்க் என்பது வேறு வெப்சைட்டிலிருந்து நம் பக்கத்துக்கு வருகிற இணைப்பு. டி.ஏ. என்பது மோஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மதிப்பெண். கூகுள் தேடலில் அதற்கு இடமில்லை. ரிப்போர்ட் வந்தால் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: இந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள், அதில் எத்தனை பேர் நம் பக்கத்துக்கு வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் போன் செய்தார்கள் அல்லது வாங்கினார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டால் பயனில்லை.

வெப்சைட்டுக்கு எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுக்கிற கூகுளின் கருவிக்கு அனலிடிக்ஸ் என்று பெயர். 2023 ஜூலையில் பழைய அனலிடிக்ஸ் கணக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டது. எல்லோரும் ஜி.ஏ.4 என்ற புதியதற்கு மாற வேண்டும் என்றார்கள். அந்த வாரம் முழுக்க அண்ணன் மகன் ஸ்டேட்டஸில் அதைத் திட்டி மீம்தான். நான் என்னவோ ஆபீஸ் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டேன். எங்கள் வெப்சைட்டுக்கு யாரும் அதைச் சரியாக மாற்றி வைக்கவில்லை, பழைய கணக்கையும் எடுத்து வைக்கவில்லை. மறு வருடம் ஜூலையில் பழைய தரவைப் பார்க்கும் வழியையே கூகுள் மூடிவிட்டது. 2021லிருந்து எந்த ஊர்க்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள் என்ற கணக்கு மொத்தமும் போய்விட்டது. ஒரே நாளில் எல்லோரும் ஒரே விஷயத்தைப் பற்றி மீம் போட்டால், நம்மைப் பாதிக்கிற ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு போன் போட்டு, "இது எனக்கும் உண்டா கண்ணு?" என்று அவனைக் கேட்டிருக்கலாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமானது. 2023 ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் கூடலூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். மகள் கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாங்க, நடுவட்டம் வழியாக மலையேறி 50 கிலோமீட்டர் வந்து ஊட்டியில் நிற்கிறேன் என்றார். "சேரிங் கிராஸ் பக்கம் ரெண்டு மணி நேரமா தேடுறோம்மா, உங்க கடை எந்தத் தெருவுல இருக்கு?" எங்களுக்கு ஊட்டியில் கடையே கிடையாது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். எங்கள் வெப்சைட்டில் 'ஊட்டியின் சிறந்த ஜமக்காளக் கடை, இன்றே வாருங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. அதற்குக் கீழே நாமக்கல், கரூர், திண்டுக்கல், தென்காசி என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட 140 பக்கங்கள். ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் வேறு வித்தியாசம் இல்லை. அவரிடம் என்ன சொல்வதென்றே தெரியாமல், மன்னிச்சுக்குங்க, தப்பா வந்திருக்கு என்றேன். "மழை வேற பெய்யுதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏஜென்சிக்குப் போன் போட்டு அந்தப் பக்கங்களை எடுக்கச் சொன்னேன். "அது ரேங்க் ஆகுது மேடம், இப்ப எடுத்தா எல்லாம் போயிடும்" என்றான். கட்டின பணம் கண் முன்னால் நின்றது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். என் பெயரில் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் ஏழு மாதம் பேசாமல் இருந்தேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்படி ஊருக்கு ஒரு பக்கம் போடுவதை வாசல் பக்கங்கள் என்று சொல்லிக் கூகுள் பல வருடமாகவே தடை செய்து வைத்திருக்கிறது. 2024 மார்ச் 5ஆம் தேதி கூகுள் தன் தேடல் முறையில் ஒரு பெரிய அப்டேட்டையும் புதிய ஸ்பேம் விதிகளையும் சேர்த்து அறிவித்தது. தேடலில் மேலே வருவதற்காகவே பக்கங்களைக் கும்பலாகத் தயாரித்துக் குவிப்பது தவறு என்பதும் அவற்றில் ஒன்று. அது மனிதர் எழுதியதாக இருந்தாலும் சரி, எந்திரம் எழுதியதாக இருந்தாலும் சரி. அந்த வாரமே எங்களுக்குப் போன் வருவது நின்றுபோனது. முதலில், பங்குனி, கல்யாணம் குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் ராத்திரி எங்கள் கடைப் பெயரைக் கூகுளில் அடித்தேன். எங்களைத் தவிர எல்லாம் வந்தது. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'site' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் வெப்சைட் முகவரியைப் போட்டால், நம் பக்கங்களில் எவை கூகுளிடம் இருக்கின்றன என்று காட்டும். எனக்கு ஒன்றுகூடக் காட்டவில்லை. கை நடுங்கியது. ஏஜென்சிக்காரன் மூன்று நாள் போனை எடுக்கவில்லை.

அந்த ராத்திரி அண்ணன் மகன் ஸ்டேட்டஸில் ஒரு படம் இருந்தது. அறை முழுக்கத் தீப்பிடித்து எரிகிறது, நடுவில் தொப்பி போட்ட ஒரு நாய் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்கிறது. கே.சி. கிரீன் என்ற அமெரிக்கர் 2013ல் வரைந்த படக்கதையிலிருந்து எடுத்தது அது. கூகுள் பெரிய அப்டேட் விடும்போதெல்லாம் எஸ்.இ.ஓ. ஆட்கள் அந்த நாயைத்தான் போடுவார்கள். முன்பு அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. மணி பதினொன்று இருக்கும், அவனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தை, சர்ச் கன்சோல் யார்கிட்ட இருக்கு?" என்றான். "அது என்ன கண்ணு?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பதினாலு மாசமா பணம் கட்டியிருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை" என்றான். கேட்காததற்குக் காரணம் வெட்கம்தான். சின்னப் பையனிடம் போய், எனக்கு இது தெரியாது என்று சொல்ல வெட்கம். உங்கள் சொந்தத்தில் இந்த வேலை தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் அவர்களோடு உட்காருங்கள். அவர்களே வேலை செய்துதர வேண்டியதில்லை, ஏஜென்சி தந்த தாளைப் படித்துக் காட்டினால் போதும்.

சர்ச் கன்சோல் என்பது கூகுள் இலவசமாகத் தருவது. நம் வெப்சைட்டைப் பற்றிக் கூகுள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அங்கேதான் சொல்லும். எங்களுடையதை ஏஜென்சி தன் மெயிலில் வைத்திருந்தது, எனக்குப் பார்க்கும் அனுமதிகூட இல்லை. நல்லவேளையாக, 2021ல் வெப்சைட் போட்ட ஊர்ப் பையன், "அக்கா, டொமைன் மட்டும் உங்க மெயில்லயே இருக்கட்டும்" என்று அடம்பிடித்து என் பெயரில் வாங்கியிருந்தான். டொமைன் என்பது வெப்சைட்டின் முகவரிப் பெயர். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. டொமைன் நம் கையில் இருந்தால், அதன் அமைப்பில் கூகுள் தருகிற ஒரு வரியைச் சேர்த்து, ஏஜென்சியைக் கேட்காமலே சர்ச் கன்சோலில் உரிமையாளராகிவிடலாம். மறுநாள் காலையில் அண்ணன் மகன் சொல்லச் சொல்ல நானே செய்தேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. திறந்ததும், ஸ்பேம் காரணமாக எங்கள் வெப்சைட்டின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி நின்றது. இதை மட்டும் எல்லோரும் இன்றைக்கே பாருங்கள்: டொமைன், ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்), சர்ச் கன்சோல், அனலிடிக்ஸ், கூகுள் மேப்பில் வருகிற கடைப் பக்கம், இந்த ஐந்தும் உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். ஏஜென்சிக்கு வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுங்கள், வேலை முடிந்தால் எடுத்துவிடலாம். கடைச் சாவியைக் கணக்கெழுதுகிறவரிடம் கொடுத்துவிட்டு நாம் திண்ணையில் உட்கார மாட்டோம், இல்லையா? மேப் பக்கம் எங்களுக்கும் ஏஜென்சி மெயிலில்தான் இருந்தது. உரிமை கேட்டுக் கூகுள் வழியாகவே விண்ணப்பித்துத் திரும்ப வாங்கினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் பவானிக்கு வந்தான். சாப்பிட்டு முடித்ததும், போனில் சேர்த்து வைத்திருந்த மீம்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது எதுக்குப் போட்டேன்னு தெரியுமா அத்தை?" என்று சொல்லச் சொல்ல எனக்குத் திக்கென்றது. உறுதி தருகிறவர்கள், திணித்த கீவேர்டுகள், பச்சைக் கோடு, விலைக்கு வாங்கிய லிங்க் என்று எனக்கு நடந்தது எல்லாமே அதில் இருந்தது. கல்லறைப் படம் ஒன்றும் காட்டினான். 'எஸ்.இ.ஓ. இறந்துவிட்டது' என்று வருஷா வருஷம் யாராவது அறிவிப்பார்கள், அதற்கான மீம். அது எப்படிப் பயன்படும் என்பது எனக்கு அடுத்த மாதமே தெரிந்தது. ஏஜென்சியிலிருந்து கடைசியாக வந்த மெயிலில், எஸ்.இ.ஓ. இனிமேல் வேலை செய்யாது, ஏ.ஐ. தேடலுக்குத் தனிப் பேக்கேஜ் இருக்கிறது, மாதம் 22,000 என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு நடந்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத் தாளைப் பாருங்கள் என்றார்கள். முதல் பக்க ரேங்குக்கு உறுதி என்று நினைத்து நான் கையெழுத்துப் போட்ட இடத்தில், 'வேலைகள் செய்யப்படும்' என்றுதான் இருந்தது. எந்த வேலை என்று எங்கேயும் இல்லை. ஒப்பந்தத்தில் எந்தப் பக்கங்களை எழுதுவார்கள், லிங்க் எங்கிருந்து வரும், நம் ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடக்கூடாது, ஒரு மாத நோட்டீஸில் நிறுத்தலாம் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேண்டாம்.

மீட்க ஏழெட்டு மாதமாகிவிட்டது. ஊர்ப் பக்கங்கள் 140ஐயும் அழித்தோம். விலைக்கு வாங்கிய லிங்க்குகளைப் பட்டியலெடுத்து, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்கு ஒரு கோப்பு கொடுத்தோம். மறுபரிசீலனைக்கு ஏப்ரலில் விண்ணப்பித்தோம், நிராகரித்துவிட்டார்கள். ஏனென்றால் ஏஜென்சி எழுதிய பாராக்களை நான் அப்படியே விட்டிருந்தேன், பணம் கொடுத்து எழுதியதாயிற்றே என்று. அப்புறம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பதினொரு பக்கம் மட்டும் நானே எழுதினேன். ஜமக்காளத்தைக் குழித்தறியில் எப்படி நெய்கிறோம், அகலமாக வேண்டுமென்றால் ஏன் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்ய வேண்டும், கோட்டு ஜமக்காளத்துக்கும் பட்டு ஜமக்காளத்துக்கும் என்ன வித்தியாசம், விசைத்தறியில் ஓட்டிப் பவானி என்று விற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, எட்டுப் பேர் உட்கார எத்தனை அடி வேண்டும். சேலத்துப் பெரியவர் கேட்டதுதான் முதல் பக்கம். ஜூனில் இரண்டாவது தடவை விண்ணப்பித்தோம், ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் தேடலில் மெல்ல மெல்லத்தான் திரும்ப வந்தோம். வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் இரண்டும் போயிற்று. வராமல் போன ஆர்டர் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்று கணக்குப் போட்டேன். சீட்டுப் பணம் விஷயத்தை மே மாதம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபீஸுக்கு என் வளையலை அடகு வைத்தோம். அது இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.

ஊட்டிப் பக்கத்தை அழித்த அன்றைக்கு, போனில் பழைய நம்பர்களைத் தேடி எடுத்துக் கூடலூர்க்காரருக்குப் போன் செய்தேன். யார் என்று சொல்லவே நேரமாயிற்று. உங்களை அலைய வைத்த அந்தப் பக்கத்தை இன்றைக்கு எடுத்துவிட்டோம் ஐயா, எடுக்க எனக்கு இத்தனை நாளாகிவிட்டது, அது என் தப்புதான் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "கல்யாணம் முடிஞ்சு ஏழு மாசத்துக்கு மேல ஆச்சும்மா" என்றார். பிறகு, "இப்பவாவது ஊட்டியில கடை போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இல்லீங்க, எப்பவும் இருந்ததில்லீங்க, பவானியில மட்டும்தான் என்றேன். "அத அன்னிக்கே எழுதியிருந்தா நேரா பவானிக்கே வந்திருப்போமேம்மா" என்றார்.